பட்டுக் கச்சைக்கான வரிசை: தனி நிலவறைகள் வந்தபின் என்ன ஆயிற்று?

கேள்வி, ஜூன் 1
நான் 2010-இல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆடத் தொடங்கியவன். அதற்கு முன்பே இணைய ஆட்டங்கள் ஆடியவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடுகிறார்கள்: ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனி நிலவறை (பூதங்களை வேட்டையாடும் இடத்தின், மற்றவர் நுழைய முடியாத தனிப் பிரதி) என்று வந்ததும் சமூகம் செத்துவிட்டதாம். ஒரே பூதத்துக்காக முப்பது பேர் மணிக்கணக்கில் காத்துக் கிடந்ததில் அப்படி என்ன சமூகம் இருந்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 2, இரவு 10.40
அந்த முப்பது பேரில் நானும் ஒருவன். சொல்கிறேன்.

2000-ஆம் ஆண்டின் கடைசி. மேற்படிப்புக்காக அமெரிக்கா போன முதல் குளிர்காலம். எவர்குவெஸ்ட் என்ற இணைய ஆட்டம் 1999 மார்ச்சில் வெளிவந்திருந்தது. அறையில் இருந்த நண்பன் ஆடுவதைப் பார்த்து நானும் தொற்றிக்கொண்டேன். என் கதாபாத்திரம் ஒரு துறவி. வாள் பிடிக்காமல் கையாலும் காலாலும் அடிப்பவன்.

அந்த உலகில் லோயர் குக் என்று ஓர் இடம் உண்டு. சதுப்பு நிலத்துக்கு அடியில் தவளை மனிதர்களின் பாழடைந்த நகரம். ஒரு பக்கம் உயிருள்ள தவளை மனிதர்கள், மறுபக்கம் செத்தும் நடமாடும் பிணங்கள். அந்தப் பிணங்களில் வெறிபிடித்த ஒன்றைக் கொன்றால் சில வேளை ஒரு கறுப்புப் பட்டுக் கச்சை கிடைக்கும். இடுப்பில் கட்டிக்கொண்டால் அடிக்கும் வேகம் 21 சதவீதம் கூடும். கையால் அடிப்பவனுக்கு அதைவிடப் பெரிய பேறு அந்த வயதில் வேறில்லை.

ஒரு சர்வர், அதாவது அந்த உலகின் ஒரு பிரதி, முழுவதற்கும் அந்த அறை ஒன்றே ஒன்றுதான். ஆயிரக்கணக்கானவர்கள் ஆடும் உலகில் ஓர் அறை, ஒரு பிணம். ஏறக்குறைய அரை மணிக்கு ஒருமுறை ஏதோ ஒன்று எழும். எழுவது அதுவா அல்லது அதன் இடத்தை நிரப்பும் சாதாரணப் பேயா என்பது எழுந்தபின்தான் தெரியும். அறைக்குள் ஆறு பேர் கொண்ட ஒரு குழு இருக்கும். வெளியே வரிசை.

அந்த வரிசையை ஆட்டம் நடத்தவில்லை. வரிசை என்று ஒன்று இருப்பதே ஆட்டத்துக்குத் தெரியாது. உள்ளே இருப்பவர்களில் ஒருவர் காகிதத்திலோ நினைவிலோ பெயர்களை வைத்திருப்பார். அவர் கிளம்பும்போது அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவார். நான் காத்திருந்த இரவில், பட்டியல் வைத்திருந்த ஷாமனின் (மந்திரப் பூசாரியாக ஆடியவரின்) தொலைபேசி இணைய இணைப்பு அறுந்துவிட்டது. பட்டியலும் அவரோடு போய்விட்டது. அடுத்த ஐந்து நிமிடம் நான் பார்த்ததை இன்னும் மறக்கவில்லை. ஒவ்வொருவராக, 'எனக்கு முன்னால் இன்னார் இருந்தார்' என்று எழுதினார்கள். 'எனக்குப் பின்னால்' என்று ஒருவரும் தொடங்கவில்லை. தெருக்குழாயில் குடத்தை வைத்துவிட்டுப் போனவளின் இடத்தைப் பக்கத்துக் குடத்துக்காரி காத்துக் கொடுப்பாளே, அப்படி. ஒன்பது பெயர்கள் ஒரு சண்டையும் இல்லாமல் மீண்டும் வரிசையாயின.

நீங்கள் கேட்ட சமூகம் இதுதான். மீதியை நாளை எழுதுகிறேன்.

ஜூன் 3, காலை 7.15
நேற்று விட்டுப்போன ஒன்று. அந்த ஒன்பது பேர் அவ்வளவு ஒழுங்காக இருந்ததற்கு நல்ல மனம் மட்டும் காரணமில்லை. அந்நாளில் எவர்குவெஸ்டில் செத்தால் உடைமை அத்தனையும் பிணத்தோடு கிடக்கும். வெறும் உடம்போடு எங்கோ எழுந்து, செத்த இடம்வரை திரும்பி நடந்துதான் அவற்றை எடுக்க வேண்டும். சேர்த்த அனுபவப் புள்ளிகளும் குறையும். மருத்துவர் ஒருவர் வந்து உயிர்ப்பித்தால் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். ஆகவே இன்று வரிசையில் நீங்கள் ஏமாற்றும் ஆள் நாளை உங்கள் பிணத்தின் அருகில் நிற்கும் மருத்துவராக இருக்கலாம். பெயரை மாற்றிக்கொள்ளவும் வழியிருக்கவில்லை. தேவையும் நினைவும் சேர்ந்து எங்களைக் கட்டி வைத்திருந்தன.

ஜூன் 3, இரவு 9.05
தனி நிலவறையைத் தொடங்கி வைத்தது எவர்குவெஸ்டின் 2003 செப்டம்பர் விரிவாக்கம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது முந்தவில்லை. லாஸ்ட் டஞ்சன்ஸ் ஆஃப் நோரத் என்ற அந்த விரிவாக்கம் வருவதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்பே, 2001 ஜூனில், நார்வேயின் ஃபன்காம் வெளியிட்ட அனார்க்கி ஆன்லைனில் இது இருந்தது. ஒரு முனையத்தில் போய்ப் பணி கேட்பீர்கள். உங்களுக்கென்று ஒரு சாவி வரும். அந்தச் சாவி திறக்கும் கதவுக்குப் பின்னால் இருக்கும் அறைகள் அந்த நிமிடத்தில் உங்களுக்காகவே உருவானவை. பக்கத்தில் நிற்பவரும் அதே கதவைத் திறப்பார், வேறோர் இடத்துக்குள் போவார்.

முதல்முறை அதைப் பார்த்தபோது நான் மகிழ்ந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். யாரும் தட்டிப் பறிக்க முடியாத ஓர் இடம்! அதற்காக ஏங்கியிருந்தேன்.

ஜூன் 5, இரவு 11.50
'வரிசையைப் பற்றி அழகாக எழுதிவிட்டீர்கள், வரிசையே இல்லாத இடங்களைப் பற்றி ஏன் எழுதவில்லை' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயம். என் முதல் குறிப்பு பாதி உண்மைதான்.

கச்சைக்கு வரிசை இருந்தது. டிராகனுக்கு இருக்கவில்லை. நாகஃபென் என்ற நெருப்பு டிராகன் சாகடிக்கப்பட்டால் மீண்டும் எழ ஒரு வாரம்போல ஆகும். எழும் நேரத்தைக் குறித்து வைத்திருக்கும் பெரிய கில்டு (ஆட்டக்காரர்களின் நிரந்தரச் சங்கம்) நாற்பது ஐம்பது பேரோடு வந்து முடித்துவிட்டுப் போய்விடும். முன்னேறியவர்கள் போகிற போக்கில் கொல்வதைத் தடுக்க, 52-ஆம் நிலையைத் தாண்டியவர்களை அந்தக் குகையிலிருந்து தூக்கி எறியும் விதியைக்கூடச் சேர்த்தார்கள். எங்கள் சிறிய கில்டு ஓராண்டில் ஐந்து முறை படை திரட்டிப் போயிற்று. நான்கு முறை குகை காலி. ஐந்தாம் முறை டிராகன் இருந்தது. ஆனால் எங்களுக்குப் பின்னால் வந்த இன்னொரு கில்டு வேண்டுமென்றே ஒரு பேய்க்கூட்டத்தை இழுத்து வந்து எங்கள் மேல் விட்டது. முப்பத்தெட்டுப் பிணங்கள். விடியும்வரை அவற்றை மீட்டோம். எங்கள் கில்டில் இருவர் அந்த இரவோடு ஆட்டத்தையே விட்டார்கள்.

ஃபைனல் ஃபேன்டசி 11-இல் அந்நாளில் ஃபாஃப்னிர் என்ற டிராகன் செத்தபின் 21 முதல் 24 மணி நேரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் எழலாம். அந்த மூன்று மணி நேரமும் பல குழுக்கள் திரையை வெறித்தபடி நிற்கும். முதலில் அடித்த குழுவுக்கே டிராகன் சொந்தம். மனிதக் கண்ணைவிட வேகமாக அடிக்கும் நிரல்களைச் சிலர் வைத்துக்கொண்டார்கள்.

கொரியாவில் இது போராகவே வெடித்தது. லினியேஜ் 2-இன் பார்ட்ஸ் சர்வரில் வலிமைமிக்க ஒரு கூட்டணி நல்ல வேட்டை இடங்களை வளைத்துக்கொண்டு, மற்றவர்கள் நுழைந்தால் கொன்றது. வரியும் கூடியது. 2004-இல் சாதாரண ஆட்டக்காரர்கள் எதிர்த்து எழுந்தார்கள். கவசம் வாங்க வழியில்லாத புதியவர்கள், தொடக்கத்தில் தரப்படும் உள்ளாடை போன்ற உடுப்போடு கும்பல் கும்பலாகப் போய் அந்தப் படைகளின் மேல் விழுந்தார்கள். வேறு சர்வர்களில் ஆடியவர்கள்கூட அங்கே புதிதாகக் கதாபாத்திரம் உருவாக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். தனி நிலவறை இருந்திருந்தால் இந்த எழுச்சி நடந்திருக்காது. அதற்குக் காரணமான அடக்குமுறையும் நடந்திருக்காது. இந்த இரண்டில் எதை விட்டுக்கொடுக்க நான் தயார் என்று இரவெல்லாம் யோசித்தேன். கூட்டமாகக் கொல்லப்பட்டவர்களில் ஒருவனாக இருந்திருந்தால் உடனே சொல்லியிருப்பேன்.

ஜூன் 6, மதியம்
ஒரே உலகத்தில் ஒரே பொருள் என்பதன் உச்சத்தை யாரும் குறிப்பிடவில்லை. எவர்குவெஸ்டில் கெராஃபிர்ம் என்ற உறங்கும் டிராகன். நான்கு காவல் டிராகன்களையும் கொன்றால் அது விழிக்கும். ஒரு சர்வரில் ஒரே ஒரு முறைதான். விழித்தபின் அந்தக் காவலர்களும் அவர்களிடம் கிடைத்த ஆயுதங்களும் அந்தச் சர்வரில் எவருக்கும் இல்லை, என்றைக்கும் இல்லை.

2003 நவம்பரில் ராலோஸ் செக் சர்வரில், ஒருவரையொருவர் கொன்று திரிந்த மூன்று பெரிய கில்டுகள் 180-க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களோடு ஒன்றுசேர்ந்து அதன்மேல் பாய்ந்தன. டிராகனின் உயிரில் கால்வாசி மீதமிருக்கும்போது நிர்வாகம் அதை மறையச் செய்துவிட்டது. எதிர்ப்பு கிளம்பியது, நிர்வாகம் வருத்தம் தெரிவித்து மறுவாய்ப்புக் கொடுத்தது. மறுமுறை ஏறக்குறைய மூன்று மணி நேரம் செத்துச் செத்து எழுந்து கொன்றார்கள். உள்ளே ஒரு பொருளும் இல்லை. அப்படியும் அந்த இரவைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். இது இனி எங்கும் நடக்க வழியில்லை; அவரவர் டிராகன் அவரவர் அறையில் இருக்கிறது.

ஜூன் 8, இரவு 10.20
இப்போது என் நிலைப்பாட்டைத் திருத்தப் போகிறேன். நான்கு நாளாக மனத்தில் உறுத்திக்கொண்டிருந்தது.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2004 நவம்பரில் வந்தது. நிலவறைகள் எல்லாமே தனித்தனிப் பிரதிகள். நான் மாறினேன், கில்டில் பாதிப்பேர் மாறினார்கள். சமூகம் செத்ததா என்றால் இல்லை. என் நெருங்கிய நட்புகளில் சில 2005-இல் அங்கே கிடைத்தவை. அப்படியானால் தனி நிலவறைமேல் மட்டும் பழி போடுவது எப்படிச் சரியாகும்?

டெட்மைன்ஸ் என்ற சுரங்க நிலவறைக்குப் போன முதல் நாளை நினைத்துப் பார்த்தேன். நகரத்தின் பொது வழியில் 'இன்னும் ஒரு மருத்துவர் வேண்டும்' என்று முக்கால் மணி நேரம் கூவினோம். ஒருவர் கிடைத்தார், இரவு எல்ஃப் என்ற இனம். அவர்கள் பிறக்கும் தீவிலிருந்து கப்பல் ஏறி, சதுப்பு நிலத்தில் இறங்கி, முதலைகளிடம் இரண்டு முறை செத்து, மலையேறி, குள்ளர் நகரிலிருந்து ரயிலில் வந்து, வெஸ்ட்ஃபால் வயல்களைத் தாண்டி மூன்புரூக் என்ற பாழ் ஊருக்கு நடந்து வந்தார். நாங்கள் நால்வரும் அந்த ஊரில் உட்கார்ந்து அவர் வரும் வழியைக் கேட்டுக்கொண்டே இருந்தோம். சுரங்கத்துக்குள் நுழைவதற்கு முன்பே ஐவரும் பழகிவிட்டோம். அவ்வளவு தூரம் நடந்து வந்தவரை விட்டுவிட்டு யாரும் பாதியில் கிளம்பவில்லை.

அறை தனியாக இருந்தது. அறைக்குப் போகும் வழி பொதுவாக இருந்தது. பொருளைச் சுருட்டிக்கொண்டு ஓடியவனின் பெயர் மறுநாள் சர்வர் முழுக்கத் தெரிந்தது. அதன்பின் அவனைச் சேர்த்துக்கொள்ள ஆளில்லை.

இதை உடைத்தது 2009 டிசம்பரில் வந்த 3.3 பதிப்பு. டஞ்சன் ஃபைண்டர். ஒரு பொத்தானை அழுத்தினால் பல சர்வர்களிலிருந்து நால்வரைப் பொறுக்கி எடுத்து, நின்ற இடத்திலிருந்தே நிலவறைக்குள் கொண்டுபோய் விடும். முடிந்ததும் பழைய இடத்தில் இறக்கிவிடும். அந்த நால்வரை இனி ஒருபோதும் பார்க்கப் போவதில்லை. பிடிக்காதவரை வாக்கெடுத்து வெளியேற்றவும் ஒரு பொத்தான். நினைவில் வைத்திருக்க எவருக்கும் எந்தக் காரணமும் மிச்சமில்லை.

கேள்வி கேட்டவர் 2010-இல் வந்தவர். அதாவது வழி மூடப்பட்ட சில மாதங்களில் வந்தவர். பெரியவர்கள் நிலவறை நிலவறை என்று உங்களிடம் புலம்பியது அந்த வழியைத்தான் என்று நினைக்கிறேன்.

ஜூன் 9, காலை
தனி நிலவறையின் சுவர் ஒருமுறை ஒழுகியதையும் எழுதி வைக்கிறேன். 2005 செப்டம்பர். சுல்குருப் என்ற இருபது பேர் நிலவறையின் தலைவன் ஹக்கார், ரத்தத்தைக் கெடுக்கும் ஒரு நோயை ஆட்டக்காரர்கள்மேல் ஏவுவான். அது அந்த அறைக்குள்ளேயே முடிய வேண்டிய விஷயம். வேட்டைக்காரர்களின் வளர்ப்பு விலங்குகளோடு அது வெளியே வந்துவிட்டது. நகரங்களில் பரவியது, கடைக்காரக் கதாபாத்திரங்கள் சாகாமல் நோயைச் சுமந்தன, புதியவர்கள் கொத்துக் கொத்தாக விழுந்தார்கள். கடைசியில் சர்வர்களை மீட்டமைத்துத்தான் நிறுத்தினார்கள். 2007-இல் லான்செட் குழுமத்தின் தொற்றுநோய் இதழில் இரு ஆய்வாளர்கள் இதை உண்மையான கொள்ளைநோயோடு ஒப்பிட்டு எழுதினார்கள்.

நோய் பரவிய நாட்களில் மருத்துவர்கள் தாங்களாகவே நகர வாசலில் நின்று முன்பின் தெரியாதவர்களைக் குணப்படுத்தினார்கள். வேறு சிலர் வேண்டுமென்றே பரப்பினார்கள். இரண்டையும் கண்டேன்.

ஜூன் 12, இரவு 11.30
ஒரு சகோதரி எழுதியதை இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். மருத்துவமனையில் இரவுப்பணி, இரண்டு குழந்தைகள். 'எனக்குக் கிடைப்பது நாளுக்கு நாற்பது நிமிடம். உங்கள் காலத்தில் நான் சதுப்பு நிலத்தைக்கூடத் தாண்டியிருக்க மாட்டேன். அந்தப் பொத்தான் இருந்ததால்தான் அரசனின் அரண்மனையைப் பார்த்தேன்' என்கிறார்.

அம்மா, உங்களுக்கு என்னிடம் மறுமொழி இல்லை. நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. எங்கள் வரிசையில் நின்ற ஒன்பது பேரும் இரவு முழுக்க நிற்க முடிந்தவர்கள். நிற்க முடியாதவர்கள் எத்தனை பேர் என்று நாங்கள் எண்ணிப் பார்த்ததே இல்லை, ஏனென்றால் அவர்கள் அங்கே இல்லை. இதை நான் முதல் குறிப்பிலேயே எழுதியிருக்க வேண்டும்.

அவர் இன்னொன்றும் சொல்கிறார்: ஃபைனல் ஃபேன்டசி 14-இல் பொத்தான் வழியாக வரும் அந்நியர்கள் கனிவானவர்கள், ஓட்டம் முடிந்ததும் நன்றாக ஆடியவருக்குப் பாராட்டு அளிக்கலாம் என்று. நானும் ஆடியிருக்கிறேன், உண்மை. தொடக்கத்தில் வணக்கம், இருபது நிமிடம், முடிவில் நன்றி. முரட்டுத்தனம் அங்கே அரிது. ஆனால் உடன் ஆடியவர்களில் ஒருவரின் பெயரையாவது மறுநாள் எனக்குச் சொல்லத் தெரிந்ததில்லை. அவர்களுக்கும் என் பெயர் தெரிந்திருக்காது.

ஜூன் 13
சுவரே இல்லாமல் எல்லாவற்றையும் திறந்துவிட்டால் பழையது திரும்புமா என்று கேட்டவருக்கு: கில்ட் வார்ஸின் இரண்டு பாகங்களையும் பாருங்கள். 2005-இல் வந்த முதல் பாகத்தில் ஊருக்கு வெளியே அடியெடுத்து வைத்தாலே முழு உலகமும் உங்கள் குழுவுக்கு மட்டுமான பிரதி. 2012-இல் வந்த இரண்டாம் பாகம் நேர் எதிர். வெளி முழுக்கப் பொது. ஒரு பூதத்தை எத்தனை பேர் அடித்தாலும் அத்தனை பேருக்கும் பரிசு உண்டு. விழுந்து கிடக்கும் அந்நியரை எழுப்பினால் எழுப்பியவருக்கும் பயன். போட்டி போய்விட்டது. நல்ல வடிவமைப்பு, மனமார விரும்பி ஆடினேன். ஆனால் ஐம்பது பேர் ஓடிவந்து பூதத்தைக் கொன்றுவிட்டு ஒரு சொல் பேசாமல் ஐம்பது திசைகளில் ஓடுவார்கள். பேசி ஒப்பந்தம் செய்ய வேண்டிய எதுவும் அங்கே இல்லாததால் பேச்சு எழவில்லை.

ஜூன் 15, மாலை
2019 ஆகஸ்டில் பழைய வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டை அப்படியே மீண்டும் திறந்தார்கள். டஞ்சன் ஃபைண்டர் கிடையாது. முதல் நாள் நெரிசல் தாங்க முடியாதது. தொடக்கப் பணியில் கொல்ல வேண்டிய ஒரே கதாபாத்திரத்துக்காக நூற்றுக்கணக்கானவர்கள். என்ன செய்தார்கள் தெரியுமா? ஒருவர் பின் ஒருவராக, மலைச்சரிவில் வளைந்து வளைந்து, நீண்ட வரிசையில் நின்றார்கள். யாரும் சொல்லவில்லை. குறுக்கே புகுந்தவனை மற்றவர்கள் கடிந்தார்கள். அதில் நின்றவர்களில் பலர் பழைய எவர்குவெஸ்டைக் கண்ணால்கூடப் பார்த்திராத வயதினர். படங்களைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டேன்.

ஆனால் சில மாதங்களிலேயே அங்கும் மந்திரவாதிகள் காசு வாங்கிக்கொண்டு புதியவர்களைத் தனி நிலவறைக்குள் கூட்டிப்போய், அவர்களை ஓரமாக நிற்க வைத்து, தாங்களே எல்லாவற்றையும் கொன்று நிலை உயர்த்திவிடத் தொடங்கினார்கள். வெளி வழிகள் மறுபடி வெறிச்சோடின. இதைத் தந்தது எந்தப் பொத்தானும் அல்ல, ஆட்டக்காரர்களே கண்டுபிடித்தார்கள். என் ஜூன் 8 குறிப்பில் பொத்தான்மேல் போட்ட பழியில் கொஞ்சத்தை இங்கே திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

ஜூன் 19, இரவு 12.10
கச்சை கிடைத்ததா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

கிடைத்தது. என் முறை வந்தபோது இரவு ஒன்றரை. எனக்கு முன்னால் வரிசையில் இருந்த குள்ளப் போர்வீரருக்குச் சிறிது நேரத்திலேயே அவருடைய கச்சை கிடைத்துவிட்டது. கிடைத்தவர் கிளம்புவதுதான் வழக்கம். மூன்று மணிக்கு எங்கள் மருத்துவர் தூக்கம் தாங்காமல் விடைபெற்றார். மருத்துவர் இல்லாமல் அந்த அறையில் பத்து நிமிடம் தாங்காது. போர்வீரர் கிளம்பவில்லை. தமக்குத் தெரிந்த ஒவ்வொருவருக்கும் செய்தி அனுப்பி, தவளை மனிதர்கள் பக்கமிருந்து ஒரு மருத்துவரை வரவழைத்தார். நான் கேட்கவே இல்லை. அவர் பெயரைத் தவிர எனக்கு அவரைப் பற்றி ஒன்றும் தெரியாது.

ஐந்தடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது என் கச்சை கிடைத்தது. 'நல்லது. ரொட்டிக் கடைக்கு நேரமாகிவிட்டது, அடுப்பு மூட்ட வேண்டும்' என்று எழுதிவிட்டு, நின்ற இடத்திலேயே வெளியேறினார். வரிசையில் எனக்கு அடுத்து, திருடன் கதாபாத்திரமாக ஆடிய ஒருவர் காத்திருந்தார். தூங்கியிருக்க வேண்டும், கூப்பிட்டதற்குப் பதில் வரவில்லை. அவர் எழுந்து வரும்வரை நான் இருந்தேன். அதற்குள் அந்தப் பேய் இன்னும் இரண்டு முறை எழுந்தது.